கொளத்தூரில் ஒரு ‘காலி’த் தொட்டி!

ஒரே ராத்திரியில் 11 கொலை செய்தவன் எழுதும் கட்டுரை இது. பதறாதீங்க... செத்தது மீன்கள்தான். ஆனா, அன்னிக்குக் காலையில எங்கப்பா முகத்தைப் பார்த்திருந்தா, நீங்களும் அதைக் கொலைன்னுதான் சொல்லியிருப்பீங்க.

எங்க வீடு அம்பத்தூர். அப்பாவுக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் வேலை. ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் நைட் ஷிஃப்ட். நைட் முடிந்து காலையில் வீட்டுக்கு வந்தால், காபிகூட கேட்க மாட்டார். ஹாலில் இருக்கும் இரண்டடி மீன் தொட்டிக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். 5 கோல்டு ஃபிஷ், 6 மோலி. பத்து நிமிஷம் சும்மா பார்த்துக்கொண்டே இருப்பார். அப்புறம்தான் குளியல், டிபன், தூக்கம் எல்லாம். மிஷின் சத்தத்தைக் காதில் இருந்து இறக்கி வைக்கிற இடம் அது என்பது எனக்கு ரொம்ப லேட்டாகத்தான் புரிந்தது.

செமஸ்டர் லீவு. வேலைவெட்டி இல்லாமல் கிடந்த எனக்கு, திடீரென்று பாசம் பொங்கியது. ‘தொட்டித் தண்ணி லைட்டா மஞ்சளாயிருக்கே... அப்பா வர்றதுக்குள்ள பளபளன்னு ஆக்கிடுவோம்’ என்று ராத்திரி ஒன்பது மணிக்கு ஆபரேஷனைத் தொடங்கினேன். மீன்களை பக்கெட்டுக்கு மாற்றினேன். பழைய தண்ணீரைச் சொட்டு விடாமல் கொட்டினேன். கூழாங்கற்களைப் பாத்திரம் தேய்க்கிற சோப்புப் போட்டுக் கழுவினேன். கறுத்துப்போயிருந்த ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து புதுசாக்கினேன். கடைசியாக, ஹோஸ் பைப்பை நேரா குழாயில் மாட்டித் தொட்டியை நிரப்பினேன். தண்ணீர் அப்படியே கண்ணாடி மாதிரி! போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்கூட வைத்தேன்.

மீன்களை விட்ட கொஞ்ச நேரத்தில் எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. ‘பசி போல’ என்று நினைத்துத் தீனி போட்டேன். அந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இப்பவும் கூசுகிறது.

காலையில் 11-ம் மிதந்தன.

ஏழு மணிக்கு அப்பா வந்தார். தொட்டியைப் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “டிரம் தண்ணியாடா ஊத்தின?”

“இல்லப்பா... குழாத் தண்ணி.”

அவ்வளவுதான். திட்டவில்லை. மீன்களைப் பேப்பரில் மடித்து எடுத்துப்போய் முருங்கை மரத்தடியில் புதைத்தார். நேராகப் போய்ப் படுத்துவிட்டார். ஸ்டூல் மட்டும் தொட்டி முன்னால் அப்படியே கிடந்தது. நாலு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்!

அந்த டிரம்... எங்க வீட்டு வாசலில், கொசு போகாதபடி வாயில் துணி கட்டி, எப்பவும் தண்ணீரோடு நிற்கும் நீல பிளாஸ்டிக் டிரம். நான் அதிலிருந்து மொண்டுதான் பைக் கழுவுவேன். அது எதற்கு நிற்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

வண்டி ஏறினேன்!

ஞாயிற்றுக்கிழமை காலையில், சேர்த்து வைத்திருந்த 600 ரூபாயோடு மின்சார ரயில் ஏறினேன். பட்டரவாக்கம், கொரட்டூர், அடுத்தது வில்லிவாக்கம். இறங்கி ஒரு ஷேர் ஆட்டோ. “எங்கப்பா... மீனு வாங்கவா?” என்றார் டிரைவர். கையில் பை இருந்தாலே கண்டுபிடித்துவிடுகிறார்கள். வண்ண மீன் என்றால் கொளத்தூர் என்பது சென்னையில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஆட்டோவை விட்டு இறங்கியதும் முதலில் கேட்டது ஏர் பம்ப் சத்தம்தான். ‘ங்ங்ங்...’ என்று தெருவே முனகிக்கொண்டிருந்தது. கடைக்குக் கடை வாசலில் ஈரம். பாலிதீன் கவர்களில் சண்டை மீன்கள், ஒன்றையொன்று பார்த்து வாலை விசிறி முறைத்துக்கொண்டு தொங்கின. ஒரு பக்கம் கண்ணாடி வெட்டி சிலிக்கான் பூசித் தொட்டி ஒட்டுகிறார்கள். அந்த வினிகர் வாசனை, ஈரமண் வாசனை, மீன் தீனி வாசனை மூன்றும் கலந்த ஒரு காற்று. “எனக்கு அந்த ஆரஞ்சு... இல்ல இல்ல, அந்தப் பக்கம் போறது!” என்று ஒரு குட்டிப் பாப்பா நச்சரிக்க, கடைப் பையன் வலையோடு தொட்டிக்குள் துரத்திக்கொண்டிருந்தான். உள்சந்துகளில் சிமென்ட் தொட்டிகள். எட்டிப் பார்த்தால் கறுப்புத் தண்ணீருக்குள் இருந்து நூறு கப்பிகள் ஒரே நேரத்தில் திரும்புகின்றன.

கூட்டம் இல்லாத ஒரு கடையாகப் பார்த்து நுழைந்தேன். ஐம்பது வயது தாண்டிய ஒரு அண்ணன், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டியூப் சரிபண்ணிக்கொண்டிருந்தார். பின்பக்கம் போனால், கடையிலேயே பெரிய தொட்டி ஒன்று. ஆள் இறங்கிக் குளிக்கலாம். உள்ளே ஏர் ஸ்டோனில் இருந்து குமிழ் குமிழாக வந்துகொண்டிருந்தது. ஒரு மீனும் இல்லை.

“அண்ணே, இது காலியாவா இருக்கு?”

“காலியா இல்லப்பா. தண்ணி கீதுல்ல!”

“மீன் எப்ப விடுவீங்க?”

“இதுல மீனே வுட மாட்டேன். இது தண்ணிக்குன்னே வெச்சிருக்கற தொட்டி.”

எனக்கு எங்க வீட்டு டிரம் ஞாபகம் வந்தது. நடந்ததைக் கொட்டிவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாக விரல் மடக்கினார். “முழுத் தண்ணியையும் கொட்டினது ஒண்ணு. சோப்பு ரெண்டு. குழாத் தண்ணி மூணு. ஸ்பாஞ்சைப் பிழிஞ்சது நாலு. இதுல ஒண்ணு போதும்பா. நீ நாலும் பண்ணிக்கீறே!”

மூணு கிளாஸ் மேஜிக்

அண்ணன் மூன்று கண்ணாடி டம்ளர் எடுத்தார். முதலாவதில் குழாய்த் தண்ணீர். இரண்டாவதில் அந்தப் பெரிய தொட்டித் தண்ணீர். மூன்றாவதில் மறுபடி குழாய்த் தண்ணீர், ஆனால் அதில் கற்கண்டு மாதிரி ஒரு துணுக்கைப் போட்டுக் கலக்கினார். பிறகு ஒரு சின்ன பாட்டிலில் இருந்து மூன்றிலும் சொட்டு விட்டார். முதல் டம்ளர் மட்டும் மஞ்சளானது. மற்ற இரண்டும் அப்படியே இருந்தன.

“மஞ்சளா கீதே, அதான் குளோரின். ஒரு நாள் காத்தடிச்சு வெச்சா போயிடும். அவசரம்னா இந்த உப்பு.”

“இது என்ன உப்புண்ணே?”

“ஹைப்போ. அந்தக் காலத்துல போட்டோ கழுவுறவங்க வெச்சிருப்பாங்க. பேப்பர்ல சோடியம் தயோ... தயோ...”

“தயோசல்பேட்டா?!”

சத்தமாகவே கத்திவிட்டேன். முதல் செமஸ்டர் கெமிஸ்ட்ரி லேப். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கிற விங்க்லர் முறை. பியூரெட்டில் நான் ஊற்றியது இதே தயோசல்பேட்தான். நீல நிறம் மறைகிறதா என்று கண் வலிக்கப் பார்த்தேன். ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனால் அந்தப் பாட்டிலில் இருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டிருந்தால் வீட்டில் 11 உயிர் பிழைத்திருக்கும் என்பது எந்த வைவாவிலும் கேட்கப்படவில்லை. பெரிய பல்பு!

அங்கேயே பில் பேப்பரைத் திருப்பிக் கணக்குப் போட்டேன். குடிநீரில் நம் வீட்டுக் குழாய் வரைக்கும் லிட்டருக்குக் குறைந்தபட்சம் 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500. குழாயில் வரும் வழியில் கிருமி சேர்ந்தாலும் கொல்வதற்காக. மழைக்காலத்திலும் நோய் பரவும் நேரத்திலும் அளவைக் கூட்டுவதும் உண்டு. ஆனால், நன்னீர் உயிர்களைக் காப்பாற்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் எல்லை என்ன தெரியுமா? ஒரு மணி நேரச் சராசரி 0.019 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதாவது, நமக்கு எது ‘மினிமம்’மோ, அது மீனுக்கு ‘மேக்ஸிமம்’ போல பத்து மடங்கு!

குளோரினை வில்லன் ஆக்கிவிடாதீங்க. 1908-ல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி, தன் குடிநீருக்குத் தொடர்ந்து குளோரின் கலக்க ஆரம்பித்தது. அதன் பிறகு ஊர் ஊராக டைபாய்டும் காலராவும் அடங்கியதில் குளோரினுக்குப் பெரிய பங்கு உண்டு. நாம் தண்ணீரைக் குடிக்கிறோம். வயிற்றுக்குள் போவதற்குள் அந்தத் துளி குளோரின் செலவழிந்துவிடும். மீனுக்கு அப்படியில்லை. அது அந்தத் தண்ணீரைச் செவுள் வழியாக ஓட விட்டு மூச்சு விடுகிறது. செவுளின் மெல்லிய சதையைக் குளோரின் அரித்துவிட, தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் எடுத்துக்கொள்ள முடியாது. அன்று ராத்திரி அவை வாயைத் திறந்தது பசியால் அல்ல... மூச்சுத் திணறலால்.

அப்புறம் அந்த உப்புக் கணக்கு. 1 மில்லிகிராம் குளோரினை அடக்க சுமார் 7 மில்லிகிராம் ஹைப்போ படிகம் வேண்டும். எங்க தொட்டி 50 லிட்டர். குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்றே வைத்தாலும், முழுத் தொட்டிக்கும் 175 மில்லிகிராம். கால் கிராம்கூட இல்லை! அண்ணனிடம் காட்டினேன். “நீ கணக்கா சொல்றே, நான் சிட்டிகையா சொல்றேன்” என்றார்.

அழுக்கு இல்ல, ஆளுங்க!

“சரிண்ணே, ஸ்பாஞ்சைக் கழுவினது என்ன தப்பு? அழுக்குதானே?”

அண்ணன் ஓடிக்கொண்டிருந்த ஒரு தொட்டியில் கையை விட்டு, சாணி நிறத்தில் ஒரு ஸ்பாஞ்சை எடுத்துக் காட்டினார். “இதுல அழுக்கு பாதி... ஆளுங்க பாதி. மீனோட கழிவு எல்லாத்தையும் துன்னு தீக்குறது இதுங்கதான்.”

ஆளுங்க என்று அவர் சொன்னது பாக்டீரியாக்களை. மீன் விடுகிற கழிவில் வருவது அம்மோனியா. அது விஷம். நைட்ரோசோமோனாஸ் வகையறா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம். நைட்ரோஸ்பைரா போன்றவை அதை நைட்ரேட் ஆக்கும். அது அவ்வளவு மோசமில்லை, அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். புதுத் தொட்டியில் இந்தக் கூட்டணி அமைய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நான் ஒரே ராத்திரியில் குளோரின் தண்ணீரில் பிழிந்து ஆட்சியைக் கலைத்துவிட்டேன்.

இதில் இன்னொரு சூட்சுமம். தண்ணீரின் பிஹெச் 7-ல் இருந்து 8-க்கு ஏறினால், அம்மோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு ஆகிவிடும். அதே அம்மோனியாதான், தண்ணீர் மாறியதும் குணம் மாறிவிடுகிறது. அதனால்தான் வெளியூருக்கு அனுப்புகிற மீனை ஒரு நாள் பட்டினி போட்டு, கழிவு குறைந்த பிறகு, கவரில் கால்வாசி தண்ணீர், முக்கால்வாசி ஆக்சிஜன் அடைத்து, ரப்பர் பேண்டு சுற்றி, தெர்மோகோல் பெட்டியில் வைக்கிறார்கள். என் கண் முன்னாலேயே ஒரு பையன் சிலிண்டர் டியூபைக் கவருக்குள் விட்டு ‘புஸ்ஸ்...’ என்று நிரப்பி, ஒரே முறுக்கில் கட்டினான். நாங்கள் லேபில் இப்படி ஒரு முடிச்சுப் போட ஒரு பீரியட் எடுத்துக்கொள்வோம்.

“போர் தண்ணி ஊத்தினா குளோரின் தொல்லையே இல்லல்ல?” என்று புத்திசாலித்தனமாகக் கேட்டேன்.

“குளோரின் இல்லதான். பூமிக்கடியிலேர்ந்து வர்ற தண்ணில மூச்சு விடுறதுக்குக் காத்தும் இல்லியே! அதையும் ஒரு நாள் குமிழ் விட்டுத்தான் எடுப்பேன்.”

2019 ஜூனில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்ததே, அப்போது எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டதும் அண்ணன் குரல் இறங்கியது. “லாரிதான். ஒரு லோடு வந்தா சொட்டு வுட்டுப் பாத்துதான் இறக்குவேன். வூட்டுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல, நீ மீனுக்கு வாங்குறியான்னு தெருவுல கேட்டாங்க. இன்னா பதில் சொல்றது? இதுங்க இல்லன்னா வூட்ல அடுப்பு எரியாது. தொட்டியைப் பாதியா கொறைச்சு ஓட்டினேன்.”

அந்த மீனில்லாத பெரிய தொட்டியை மறுபடி பார்த்தேன். காலியாகத் தெரியவில்லை.

பில்லுக்குப் பின்னால் எழுதியது

அண்ணன் சொன்னது, நான் புத்தகத்தில் சரிபார்த்தது, இரண்டும் கலந்து உங்களுக்காக:

● முழுத் தண்ணீரையும் ஒரே நேரத்தில் மாற்றாதீங்க. வாரத்துக்கு கால் பங்கு போதும்.

● புதுத் தண்ணீரை வாய் அகன்ற டிரம்மில் ஒரு நாளாவது வைங்க. ஏர் ஸ்டோன் போட்டால் சீக்கிரம் குளோரின் போகும். கொசு முட்டை போடாமல் துணி கட்டுங்க.

● வாசனை வரலையே என்று நம்பாதீங்க. நம் மூக்குக்குத் தெரியாத அளவே மீனைக் கொல்லும். சோதனைச் சொட்டு வாங்கி வைங்க.

● தண்ணீரில் குளோரின் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் ஆகியிருந்தால், ஒரு நாள் வைத்தாலும் போகாது. ஹைப்போ போட்டால் குளோரின் அடங்கும், அம்மோனியா மிஞ்சும். அதைத் தின்ன ஸ்பாஞ்சு உயிரோடு இருக்கணும்.

● ஸ்பாஞ்சை அலசணும்னா, தொட்டியில் இருந்து எடுத்த பழைய தண்ணீரில் மெதுவாக அலசுங்க.

● சோப்பு, டிடர்ஜென்ட் கிட்டயே வேண்டாம். மீனுக்கென்று தனி பக்கெட்.

● தொட்டி இருக்கும் அறையில் கொசு மருந்து அடிக்காதீங்க. ஏர் பம்ப் அந்தக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் அனுப்பிடும். அதில் இருக்கும் பைரித்ராய்டு மீனுக்குக் கடும் விஷம்.

● புது மீனைக் கவரோடு 15, 20 நிமிஷம் மிதக்க விட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கவருக்குள் சேர்த்து, பிறகு வலையால் எடுத்து விடுங்க. கவர் தண்ணீர் தொட்டிக்குள் வேண்டாம்.

வாங்கி வந்தது என்ன?

“சரிண்ணே, அஞ்சு கோல்டு, ஆறு மோலி கொடுங்க” என்றேன். அதே 11. அப்பாவுக்குக் கணக்கு நேராகணும்.

“தர மாட்டேன்” என்றார் அண்ணன்.

வியாபாரி இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. “மறுபடி சாவடிக்கவா? ரெண்டு மோலி எடுத்துனு போ. ஒரு மாசம் அது நல்லா இருந்தா, அப்பால வா.” என்று சொல்லிவிட்டு, அந்தச் சாணி நிற ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி, தொட்டித் தண்ணீரோடு கவரில் போட்டுக் கட்டினார். “இது காயக் கூடாது. நேரா வூட்டுக்குப் போ. இதுக்குக் காசு வேணாம்.”

600 ரூபாயோடு போனவன், இரண்டு மோலி, ஒரு பொட்டலம் ஹைப்போ, ஒரு சொட்டு பாட்டில், கொஞ்சம் அழுக்கு... இதோடு ரயில் ஏறினேன். எதிர் சீட்டு ஆன்ட்டி என் மடியில் இருந்த கவரைப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்!

வீட்டு வாசலில் நின்றேன். நீல டிரம் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. நான் கடைசியாக பைக் கழுவியபோது பாதிதான் இருந்தது. புதுத் துணி கட்டியிருந்தது. என்னிடம் ஒன்றும் சொல்லாமல், அப்பா எப்பவோ நிரப்பி வைத்திருக்கிறார்.

எழுந்து வந்தவரிடம் கவர்களை நீட்டினேன். மோலியை அப்புறம்தான் பார்த்தார். முதலில் அந்த ஸ்பாஞ்சைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “இதைப் போய்க் கேட்டு வாங்கினியா?”

“அவரே கொடுத்தாருப்பா.”

“நல்ல கடைக்காரன்” என்றார். பிறகு, “அந்தக் கல்லை எல்லாம் எடுத்து இன்னொரு தடவை அலசு. சோப்பு வாடை அடிக்குது. குழாத் தண்ணியில அலசினா பரவால்ல, கடைசியா டிரம் தண்ணியில ஒரு தடவை” என்றார். ஒரு வாரத்தில் என்னிடம் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்!

டிரம்மில் இருந்து நான் மொண்டு கொடுக்கக் கொடுக்க, அவர் ஊற்றினார். சொட்டு விட்டுப் பார்த்தோம், மஞ்சளாகவில்லை. “இந்த மருந்து எனக்குத் தெரியாதே” என்று பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்பாஞ்சை ஃபில்டரில் மாட்டினோம். மோலிகளை மிதக்க விட்டோம்.

இன்று 19-வது நாள். இரண்டும் நலம். தண்ணீர் லேசாக மஞ்சளடிக்க ஆரம்பித்திருக்கிறது. நான் அதில் கை வைக்கவில்லை. அப்பாவுக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட். காலையில் ஏழு மணிக்கு ஸ்டூல் இழுபடுகிற சத்தம் கேட்டுத்தான் எனக்கு விழிப்பு வருகிறது.

பைக்? அதை இப்போ தெருமுனையில் வாட்டர் சர்வீஸுக்கு விடுகிறேன் பாஸ்!